கைப்பிடியா, சக்கரமா? சிறு படகைத் திருப்பும் அறிவியல்

மாணவர்களே, பொந்தியானுக்குத் தெற்கே உள்ள குக்குப் மீனவக் கிராமத்துக்குப் போயிருக்கிறீர்களா? நீரில் கால் ஊன்றி நிற்கும் வீடுகளுக்கு இடையே சிறு படகு ஒன்று வளைந்து வருகிறது. அதை ஓட்டுபவர் பின்பக்கம் உட்கார்ந்து, இயந்திரத்தோடு இணைந்த கைப்பிடியை ஒரு கையால் பிடித்திருக்கிறார். இதே ஜொகூரின் கிழக்குக் கரையில், மெர்சிங்கிலிருந்து ராவா தீவுக்கு விரையும் படகில் ஓட்டுநர் காரில் இருப்பதுபோல் சக்கரத்துக்கு முன் இருக்கிறார்.

இரண்டும் படகுதான். இரண்டையும் தள்ளுவது பின்னால் மாட்டிய அவுட்போர்ட் இயந்திரம்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? ஒரு குடும்பம் சிறு படகு வாங்கினால் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? பதில் உங்கள் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

சுக்கான் இல்லாத படகு

பாய்மரப் படகில் சுக்கான் என்ற பலகை நீரைத் திசைதிருப்பும். அவுட்போர்ட் படகில் தனியாகச் சுக்கான் தேவையில்லை. இயந்திரம் முழுவதுமே ஓர் அச்சில் இடமும் வலமுமாகத் திரும்புகிறது. அடியில் சுழலும் விசிறி நீரைப் பின்னோக்கித் தள்ள, நீர் படகை முன்னோக்கித் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. விசிறியின் திசை மாறினால், படகின் பின்பகுதி பக்கவாட்டில் தள்ளப்பட்டு முன்பகுதி திரும்பும். இத்தகைய இயந்திரங்களை அமெரிக்காவில் 1909-இல் விற்கத் தொடங்கிப் பரவலாக்கியவர் ஓலே எவின்ரூட். அவருடைய இயந்திரமும் கைப்பிடியால்தான் திருப்பப்பட்டது.

வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம்

கைப்பிடியைப் புதிதாகப் பிடிப்பவர்கள் குழம்பும் இடம் இது. கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். கைப்பிடி அச்சுக்கு முன்னால் இருக்கிறது. விசிறி அச்சுக்குப் பின்னால் நீரைத் தள்ளுகிறது. கை வலப்பக்கம் போனால் விசிறியின் நீர்த்தாரை இடப்பக்கமாகப் பாயும். படகின் வால் வலப்பக்கம் நகரும். மூக்கு இடப்பக்கம் போகும்.

இந்தத் தலைகீழ் வழக்கம் பெரிய கப்பல்களின் கட்டளையிலும் இருந்தது. 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையைக் கண்டபோது, வலப்பக்கம் திருப்பச் சொல்வதுபோல் ஒலித்த கட்டளையே கொடுக்கப்பட்டது. ஆனால் அது கைப்பிடிக் காலத்துக் கட்டளை. கப்பல் சரியாக இடப்பக்கமே திரும்பியது. சக்கரத்தில் இந்தக் குழப்பம் இல்லை. எந்தப் பக்கம் சுற்றுகிறோமோ அந்தப் பக்கமே படகு போகும்.

விசைத் திருப்பக் கணக்கு

பள்ளியில் நீங்கள் 'மொமென் டாயா' என்று படிப்பதுதான் விசைத் திருப்பம். விசையை அச்சிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். கதவைக் கீலுக்கு அருகே தள்ளிப் பாருங்கள். பிறகு ஓரத்தில் தள்ளிப் பாருங்கள். வேறுபாடு புரியும்.

ஓடும் படகில் விசிறியும் நீரும் சேர்ந்து இயந்திரத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு சிறிய இயந்திரத்தில் இந்த இழுப்பு 30 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் நீளம் 0.6 மீட்டர். அப்படியானால் கை தர வேண்டிய விசை 30 ÷ 0.6 = 50 நியூட்டன். இது ஏறக்குறைய 5 கிலோ பொருளைத் தூக்குவதற்குச் சமம். தாங்கலாம்.

பெரிய இயந்திரத்தில் இழுப்பு 120 நியூட்டன் மீட்டர் என்றால் 200 நியூட்டன் தேவை. 20 கிலோ அரிசி மூட்டையை ஒரு கையால் பயணம் முழுக்கப் பிடித்திருப்பதுபோல! கை சோர்ந்து கைப்பிடி நழுவினால் படகு சட்டென்று வெட்டித் திரும்பும். உள்ளே இருப்பவர் கடலில் விழலாம்.

சக்கரம் இங்கே உதவுகிறது. சக்கரத்தை மூன்று சுற்று, அதாவது 1080 பாகை சுற்றினால், இயந்திரம் 60 பாகை மட்டும் திரும்புகிறது என்று கொள்வோம். விகிதம் 18-க்கு 1. 120-ஐ 18-ஆல் வகுத்தால் 6.7 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் ஆரம் 0.17 மீட்டர் என்றால், கை தர வேண்டியது சுமார் 40 நியூட்டன்தான். உராய்வால் இது சற்றுக் கூடும். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை குறைந்தது; கை நகர வேண்டிய தூரம் கூடியது. திடீரென ஒரு மரக்கட்டை எதிர்ப்பட்டால் கைப்பிடியை ஒரே தள்ளில் திருப்பலாம். சக்கரத்தையோ சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

எடை எங்கே இருக்கிறது?

கைப்பிடிப் படகில் இயந்திரம், எண்ணெய்த் தொட்டி, ஓட்டுபவர் எல்லாமே பின்னால். வேகமெடுக்கும்போது மூக்கு மேலே எழும்பி முன்னால் இருப்பதை மறைக்கும். மொத்தம் 350 கிலோ உள்ள படகில் 70 கிலோ எடையுள்ளவர் 1.5 மீட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தால், ஈர்ப்பு மையம் 0.3 மீட்டர் முன்னால் வரும் (70 × 1.5 ÷ 350). மூக்கு தாழும், பார்வை தெளியும். சக்கரத்தை நடுவில் வைப்பதன் பெரிய பயன் இதுதான்.

ஆனால் சக்கரத்துக்கு மேசையும் இருக்கையும் வேண்டும். நான்கு மீட்டர் படகில் அவை வலை போடும் இடத்தை விழுங்கிவிடும்.

உப்புநீர் செய்யும் வேலை

கைப்பிடியில் பழுதாகும் பாகங்கள் குறைவு. சக்கரப் படகிலோ சக்கரத்தின் அசைவை ஒரு குழாய்க்குள் ஓடும் கம்பி இயந்திரத்துக்குக் கொண்டுபோகிறது. வேகத்துக்கும் கியருக்கும் வேறு கம்பிகள். உப்புநீர் புகுந்து துரு ஏறினால் கம்பி இறுகிவிடும். நடுக்கடலில் சக்கரம் அசையாது. அதனால் நன்னீரால் கழுவுவதும் மசகு போடுவதும் கட்டாயம். பெரிய படகுகளில் கம்பிக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது பாஸ்கல் விதியின் வேலை.

அப்படியானால் எது?

மூன்று கேள்விகள் போதும். இயந்திரம் எவ்வளவு பெரிது? எங்கே ஓடப்போகிறது? எத்தனை பேர் ஏறுவார்கள்?

சுங்கை பூலாய் சதுப்புநிலக் காட்டின் குறுகிய ஓடைகளில், சிறு இயந்திரத்தோடு ஒருவர் இருவர் மீன்பிடிக்கப் போவதென்றால் கைப்பிடி நல்லது. உடனே திரும்பலாம், ஆழம் குறைந்தால் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள இயந்திரத்தைத் தூக்கிவிடலாம். மெர்சிங் பக்கத்துத் திறந்த கடலில், பெரிய இயந்திரத்தோடு பலரை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போவதென்றால் சக்கரம் நல்லது. வாங்கும்போதே முடிவு செய்வது சிக்கனம். பிறகு மாற்ற நினைத்தால் கம்பிகள், கட்டுப்பாட்டுப் பெட்டி, இணைப்புகள் எல்லாவற்றுக்கும் செலவாகும்.

மறக்கக் கூடாத கயிறு

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்று மாறாது. ஓட்டுபவரின் உடலோடு இணைக்கும் சிறு கயிறு ஒன்று உண்டு. அவர் விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு இயந்திரம் நின்றுவிடும். அது இல்லையென்றால் ஆளில்லாத படகு வட்டமடித்து, நீரில் கிடப்பவரை நோக்கியே திரும்பி வரும்.

2013 மே 5-இல் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே இது நடந்தது. சக்கரம் வைத்த வேகப்படகிலிருந்து ஆறு பேர் தூக்கி எறியப்பட்டனர். கயிறு யாரோடும் இணைக்கப்படவில்லை. வட்டமடித்த படகு மோதி ஒரு தந்தையும் அவருடைய 8 வயது மகளும் இறந்தனர்.

அடுத்த முறை சிறு படகில் ஏறும்போது முதலில் பாதுகாப்பு மிதவைச் சட்டையை அணியுங்கள். பிறகு ஓட்டுபவரிடம், "அங்கிள், கயிற்றை மாட்டிவிட்டீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.