வானொலியில் இரண்டு நிலையங்கள் கலந்து கேட்கிறதா?

கெடாவில் பீடோங், குரூண், யான் வட்டாரத் தோட்டங்களில் வானொலிப் பாட்டோடு பொழுது விடியும் வீடுகள் இன்னும் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் நிலையத்தில் இன்னொரு நிலையத்தின் பாட்டு புகுந்தால், ரேடியோ பழசாகிவிட்டது என்று பெரியவர்கள் அணைத்துவிடுவார்கள். கோளாறு ஒலிபரப்புக் கோபுரத்திலும் இருக்கலாம்.

1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய், பழைய கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்கு அடையாளமாக நின்ற மலை. அந்த உயரம் இன்று ஒலிபரப்புக்கு உதவுகிறது. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால், உச்சியிலுள்ள ஆண்டெனா தொலைதூரம் எட்டும். இதனால்தான் இத்தகைய உயரங்களில் பல நிலையங்களின் கருவிகள் நெருக்கமாக அமைகின்றன.

நெருக்கத்தில் சிக்கலும் வரும். ஒரு நிலையத்தின் வலுவான அலை மற்றொன்றின் கருவிக்குள் புகுந்தால், இரண்டும் கலந்து புதிய அலைகள் பிறக்கும். உதாரணத்துக்கு 95, 97 மெகாஹெர்ட்ஸ் அலைகள் கலந்தால் 93-லும் 99-லும் தொந்தரவு தோன்றலாம். 99-இல் இருக்கும் நிலையம் எந்தத் தவறும் செய்திருக்காது. கோபுரத்தில் துருப்பிடித்த இணைப்பும் இப்படிக் கலக்கச் செய்யும். அப்போது மழையில் ஒருவிதமாகவும் வெயிலில் ஒருவிதமாகவும் கேட்கும்.

பொறியாளர்கள் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, எந்தெந்த அலைகள் கலக்கின்றன என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு, எங்கே கலக்கின்றன என்று தேடுவார்கள். ஒலிபரப்புக் கருவியில் என்றால் வடிகட்டி பொருத்துவார்கள். இணைப்பில் என்றால் துருவை நீக்கி இறுக்குவார்கள்.

நாம் செய்யக்கூடியவை:

1. வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரி ரேடியோவில் கேளுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் வீட்டில்தான். மலிவான எல்இடி விளக்கையும் கைப்பேசி சார்ஜரையும் முதலில் சந்தேகியுங்கள்.

2. வேறு ரேடியோவிலும் காரிலும் கேளுங்கள். ஒரு பெட்டியில் மட்டும் கலந்து கேட்டால், அதன் ஆண்டெனாவைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள்.

3. பல வீடுகளிலும் அதே நிலை என்றால் அலைவரிசை, இடம், நேரம், மழையா வெயிலா, குறுக்கே கேட்கும் நிலையம் எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நிலையத்திடமும், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடமும் புகார் கொடுங்கள். "சரியாகக் கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னால் எங்கே தேடுவதென்று அவர்களுக்குத் தெரியாது.

2021 ஆகஸ்டு 18-இல் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த திடீர் வெள்ளத்தை யான் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரமும் கைப்பேசியும் நின்றுபோகும் நேரத்தில் பேட்டரி ரேடியோதான் எச்சரிக்கையைத் தமிழில் வீட்டுக்குள் கொண்டுவரும். அது தெளிவாகக் கேட்கவேண்டும்.