புதரின் பூர்வீகத்தைச் சொல்லும் மகரந்தம்

எக்குவடோர் கரைக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் பெருங்கடலில் அமைந்த கலாபகோஸ் தீவுகளில் மனிதர் கால்வைத்ததாக எழுத்துச் சான்று சொல்லும் முதல் ஆண்டு 1535. அதற்கு முன்பே காற்றாலோ கடல் நீரோட்டத்தாலோ பறவையாலோ வந்து வேரூன்றியது இயல்தாவரம் என்றும், பின்னர் மனிதரோடு வந்தது அயல்தாவரம் என்றும் கொள்ளப்படுகிறது. வரையறை எளிது, ஆனால் 1835இல் டார்வின் அங்கே செடிகளைச் சேகரித்தபோதே முந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டதால், உலர்தாவரச் சேகரிப்புகளைக் கொண்டு இதைத் தீர்மானிக்க இயலாது.

செம்பருத்தியின் பேரினத்தைச் சேர்ந்த, முட்தண்டும் வெளிர்மஞ்சள் பூவும் கொண்ட ஹைபிஸ்கஸ் டைவர்சிபோலியஸ் என்னும் புதர் இவ்வாறு ஐயத்துக்குள்ளானது. வேறு பல வெப்பமண்டல நாடுகளிலும் வளர்வதால், இதையும் மனிதரே கொண்டுவந்திருக்கலாம் என்று கருத இடமிருந்தது. அயல்தாவரம் என முடிவுகட்டினால் பிடுங்கி எறியவும் நேரும் என்பதால், இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

விடை சாந்தா குரூஸ் தீவின் மேட்டுநிலச் சதுப்புகளில் இருந்தது. மகரந்தத்தூளின் புறச்சுவர் ஸ்போரோபொலெனின் என்னும் மிக உறுதியான பொருளால் ஆனது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்காமல் நிற்கும். ஆய்வாளர்கள் குழாய் போன்ற கருவியால் சேற்றை அடுக்குக் குலையாமல் எடுத்து, அமிலங்களால் மற்றவற்றைக் கரைத்து, எஞ்சிய தூள்களை நுண்ணோக்கியில் இனம் காண்கின்றனர். அடுக்கின் வயதைக் கதிரியக்கக் கார்பன் தேய்ந்த அளவு காட்டுகிறது.

2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, இப்புதர் உள்ளிட்ட ஆறு இனங்களேனும் மனிதர் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இருந்தன என்று காட்டியது. செம்பருத்திப் பேரினத்தின் மகரந்தம் பெரியது, முட்கள் நிறைந்தது, பூச்சிகளால் பரவுவது. காற்றில் வெகுதொலைவு செல்லாத இத்தூள் சேற்றில் கிடைத்தால், செடி அருகிலேயே வளர்ந்தது என்று துணிந்து கூறலாம். இச்சான்றின் வலிமையே இதில்தான் உள்ளது.

எனினும் மகரந்தம் கிடைக்காத செடியை அயல் என்று தீர்ப்பதற்கில்லை. சதுப்புக்கு எட்டாத இடத்தில் அது வளர்ந்திருக்கலாம். மேலும், பல செடிகளின் மகரந்தத்தைக் குடும்பம் அல்லது பேரினம் வரையில்தான் பிரித்தறிய முடியும். ஆகவே அதே சேற்றில் புதைந்த விதைகளையும் இலைத்துணுக்குகளையும் ஆராய்கின்றனர். நெருங்கிய இனங்களையும் விதையின் வடிவமும் மேற்பரப்பும் பெரும்பாலும் வேறுபடுத்திக் காட்டிவிடுகின்றன.