மாடில்லாத வீட்டுக்கும் எரு உண்டு
கழுதை விட்டையை உக்கவைத்து மரக்கறித் தோட்டத்துக்கு இடும் முறை

இடம்பெயர்ந்து வந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றால் தமது மாடுகளைக் கொண்டுவர முடியவில்லை. பட்டி போனதோடு எருவும் போயிற்று. இருக்கக் கிடைத்த காணியோ சிறிது, பெரும்பாலும் மணல். அதில் கத்தரியும் மிளகாயும் வைத்தால் ஊற்றும் தண்ணீர் நிற்பதில்லை. போடும் யூரியாவும் மழையோடு கீழிறங்கிவிடுகிறது. இத்தகைய மண்ணுக்கு முதலில் வேண்டியது உக்கிய எரு. அதை விலைகொடுத்து வாங்க எல்லோராலும் இயலாது.

மன்னார்த் தீவிலும் புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களிலும் கழுதைகள் கட்டாக்காலியாகத் திரிவதை நாம் காண்கிறோம். அவற்றின் விட்டை தெருவோரங்களில் கேட்பாரற்றுக் காய்ந்து கிடக்கிறது. நெடுந்தீவுக் குதிரைகளின் விட்டையும் இதே தன்மையானதுதான். காசில்லாமல் கிடைக்கும் இதை எவ்வாறு நல்ல பசளையாக்கலாம் என்று பார்ப்போம்.

மாட்டுச் சாணத்திலிருந்து வேறுபாடு

மாடு அசைபோடும் பிராணி. கழுதையும் குதிரையும் அசைபோடுவதில்லை. அதனால் அவை தின்ற புல் முழுமையாகச் சமிபாடு அடைவதில்லை. விட்டையில் நார் அதிகம், ஈரம் குறைவு. குவித்து வைத்தால் உள்ளே காற்றோடி விரைவில் சூடேறும். இது நல்ல குணம்.

ஆனால் புல் விதைகளும் சாகாமலே வெளிவருகின்றன. விட்டையைப் பச்சையாகப் பாத்தியில் போட்டால் பயிரை முந்திக்கொண்டு களை முளைக்கும். இளங்கன்றின் வேர் கருகும். நாரை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாம் எடுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சளிக்கும். எனவே விட்டை முதலில் குவியலுக்குப் போகவேண்டும். உக்கிய பின்னரே பாத்திக்குப் போகவேண்டும்.

குவியல் போடும் முறை

1. கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்தில், மழைநீர் கிணற்றுப் பக்கம் ஓடாத நிழலான இடத்தைத் தெரிவுசெய்க. மணல் நிலத்திலும் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் எருவின் நைதரேற்று இலகுவாகக் கிணற்று நீரில் சேரும். அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு.

2. குவியல் 4 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடிக்கு மேல் உயரம் இருக்கட்டும். சிறிய குவியல் சூடேறாது. ஒரு வீட்டாரால் இவ்வளவு சேர்க்க முடியாவிட்டால் அயலவர் மூன்று நான்கு பேர் கூடி ஒரே குவியலாகப் போடலாம்.

3. அரை அடிக்கு விட்டை, அதன்மேல் நாலு விரல் உயரத்துக்குக் கிளிசரியா, பூவரசு போன்ற பச்சைக் குழை, அதன்மேல் சிறிது மேல்மண் என அடுக்கடுக்காகப் போடுக. ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனையவேண்டும், தண்ணீர் ஓடக்கூடாது.

4. கிடுகால் அல்லது பழைய தறப்பாளால் மூடிவிடுக. மூடாத குவியலின் சத்தை மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

5. நாலாம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு இழுத்துப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் குவியல் சரியாக வேலைசெய்கிறது. சூடு 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாள் நின்றால் பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அழியும். சூடில்லையேல் தண்ணீரோ பச்சைக் குழையோ போதவில்லை.

6. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புறத்தே உள்ளதை உள்ளே தள்ளிப் புரட்டுக. பெரிய வெள்ளைப் புழுக்கள் தென்பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். அவற்றில் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களும் இருக்கக்கூடும்.

ஏறக்குறைய மூன்று மாதத்தில் எரு கறுத்து, சூடு அடங்கி, மண் வாசம் வீசும். ஆடி பிறக்கும்போது குவித்தால் ஐப்பசி மழைக்கு எரு தயார்.

இடும் அளவு

10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள பாத்திக்கு இரண்டு கடகம் எரு போதும். நடுவதற்கு ஒரு வாரம் முன்னர் அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிட வேண்டும். ஒரு மாதத்தின் பின் கன்றுகளைச் சுற்றி மேலும் சிறிது இட்டு மண் அணைக்கலாம்.

எரு ஒரே போகத்தில் யூரியாவின் வேலை முழுவதையும் செய்துவிடாது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைப்பட்டபோது நாட்டில் விளைச்சல் வீழ்ந்ததை நாம் அறிவோம். மண் ஆண்டுக்காண்டு எரு பெற்றே வளமாகும். தேவையான இடத்தில் சிறிதளவு யூரியா சேர்ப்பதில் தவறில்லை.

கவனிக்க வேண்டியவை

குதிரை, கழுதை விட்டையில் ஏற்புவலிக் கிருமி இருக்கலாம். கைகாலில் புண் உள்ளவர்கள் அதைத் தொடலாகாது. வேலையின்போது காயம்பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் சென்று ஊசி பற்றிக் கேளுங்கள். வல்லாரை போலப் பச்சையாகச் சம்பல் போடும் இலைகளுக்கு உக்காத எருவை ஒருபோதும் இடாதீர்கள்.

காணி நமதல்லவே!

“நாளை எழும்பச் சொன்னால் இவ்வளவு பாடும் வீண்தானே” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்காகவே காணிக்காரருடன் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. அவருக்கும் மண் வளமாகும். எருவை முழுவதும் ஒரேயடியாகப் பரப்பாமல் பயிருக்கு வேண்டிய பாத்திக்கு மட்டும் இடுங்கள். குவியல் உக்கும்போது ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடும். மிஞ்சியதை உரப்பைகளில் கட்டி வைத்தால் போகுமிடத்துக்கு ஏற்றிச் செல்லலாம். முதலில் ஒரு மாதத்துக்குள் பிடுங்கக்கூடிய கீரையைப் போடுங்கள். அடுத்து வெண்டியும் பயற்றையும் வைக்கலாம். இருக்கும் காலம் குறுகியதானாலும் பிள்ளைகளின் கோப்பையில் மரக்கறி இருக்கும்.