முக்கோணக் கண்ணாடியும் முழங்கை நுழையாத பொந்தும்

அம்பாசிடர் காரின் முன்கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி உண்டு. சின்னக் கொக்கியை நீக்கித் தள்ளினால் தன் அச்சிலேயே சுழலும். பாதி திருப்பினால் காற்று காதோரம் போகும். முழுக்கத் திருப்பினால் வண்டி ஓடுகிற வேகத்துக்குக் காற்றை வாரி நெஞ்சில் கொட்டும். காஞ்சிபுரத்திலிருந்து வாடகைக்குப் பேசி வந்த கல்யாணக் காரில் அந்த ஜன்னலோரம் யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் அடிதடியே நடக்கும். காற்றோடு புழுதியும் வரும். அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை. இறங்கியதும் துண்டை உதறினார்கள், மாப்பிள்ளை முகம் கழுவினார், டிரைவர் சீட்டை உள்ளங்கையால் நாலு தட்டு தட்டினார். தூசு வந்த கணக்கும் போன கணக்கும் கண்ணெதிரிலேயே தீர்ந்துவிடும்.

அந்த வண்டியிலும் வடிகட்டி இருந்தது. ஆனால் அது இஞ்சினுக்கு. பானெட்டைத் தூக்கினால் வட்டமான ஏர் கிளீனர் கையெட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். இஞ்சின் குடிக்கிற காற்று சுத்தமாக இருக்கவேண்டும் என்று யோசித்தவர்கள், உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் குடிக்கிற காற்றை அவரவர் மேல்துண்டுக்கும் முந்தானைக்கும் விட்டுவிட்டார்கள். 1958 முதல் 2014 வரை ஓடிய அம்பாசிடரின் ஆயுளில் பெரும்பகுதி இப்படியே கழிந்தது. அதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுகிற வண்டிக்குள் எந்த வடிகட்டியை வைத்து என்ன பயன்?

காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில் இருக்கிற பெருநகர் என்ற ஊர்ப் பக்கம் காரைவிட அதிகம் பழகியவை ஜீப்பும் டிராக்டரும்தான். பழைய மஹிந்திரா ஜீப்பிலும், சென்னை டாஃபே ஆலையிலிருந்து வந்த மாஸி ஃபெர்குசனிலும் இருந்த வடிகட்டியைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. அதில் காகிதம் கிடையாது. அடியில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் இஞ்சின் ஆயில். காற்று நடுக்குழாய் வழியே கீழே பாய்ந்து, ஆயிலை ஒட்டிச் சட்டென்று திரும்பி மேலே ஏறும். காற்று திரும்பிவிடும், கனமான மண்துகளால் அவ்வளவு வேகமாகத் திரும்ப முடியாமல் ஆயிலில் விழுந்துவிடும். தப்பித்ததை மேலே இருக்கிற ஆயில் நனைந்த கம்பி வலை பிடித்துக்கொள்ளும். உழவு நாட்களில் சாயங்காலம் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் சேறு படிந்திருக்கும். அதை வழித்துப் போட்டு, மண்ணெண்ணெயில் அலசி, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்றி மாட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கூட இதைச் செய்வான். அன்றைக்கு நிலத்தில் எவ்வளவு புழுதி என்பதை அந்தக் கிண்ணமே காட்டிவிடும்.

புழுதியும் மாறித்தான் இருக்கிறது. அன்றைய புழுதி மண்சாலைப் புழுதி, களத்துத் தூற்றலில் பறந்த பதர், தைப்பூசத்துக்குச் செய்யாற்றை நோக்கி வரிசை கட்டிய மாட்டு வண்டிகள் கிளப்பியது. சுற்று ஊர்ச் சாமிகளெல்லாம் ஆற்று மணலில் வந்து கூடுகிற அந்தத் திருவிழாவுக்கு இன்றும் கூட்டம் குறையவில்லை. வண்டிகள்தான் வேறு. கரையில் நிற்கிற கார்கள் சிலவற்றில் கண்ணாடி மேலேறியிருக்கும், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், பின்சீட்டில் வயதான அம்மா ஒருவர் ஏசியில் உட்கார்ந்திருப்பார்.

காஞ்சிபுரம்–வந்தவாசி சாலை தார் போட்டு அகலமாகிப் பல காலமாகிறது. ஆனாலும் தூசு குறைந்துவிட்டதாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆற்று மணலுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் காலம் பிறந்தது. மதூர், சிறுதாமூர், திருமுக்கூடல் என்று இந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களைச் சொன்னால் இன்று பலருக்கு முதலில் நினைவு வருவது கல்குவாரியும் கிரஷரும்தான். லோடு ஏற்றிய டிப்பர்கள் தார்ப்பாய் சரியாக மூடாமல் ஓடும்போது பின்னால் பறப்பது கல்மாவு. பழைய செம்மண் புழுதியில் பெரும்பகுதி மூக்கிலேயே நின்றுவிடும், சிந்தினால் போய்விடும். உடைத்த கல்லின் தூளில் நுரையீரலின் அடிவரை போகக்கூடிய நுண்துகளும் கலந்திருக்கிறது. அதில் சிலிக்காவும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற தூசுக்கு நாம் கண்ணாடியை ஏற்றுகிறோம். கண்ணுக்குத் தெரியாதது வைப்பருக்குக் கீழே இருக்கிற சல்லடை வழியாக உள்ளே வருகிறது.

கண்ணாடியை ஏற்றும் பழக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1998-இல் இதே வட்டாரத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்தது. அதற்குப் பிறகு ஏசி என்பது பண்ணையார் வீட்டுச் சங்கதியாக இல்லாமல், ஆசிரியர் வேலை பார்க்கிறவரும் தவணையில் வாங்குகிற சங்கதியாயிற்று. முக்கோணக் கண்ணாடி காணாமல் போனது. வெளிக்காற்று இனி ஒரு வழியில்தான் வரும்: முன்கண்ணாடியின் அடிச் சல்லடை, அங்கிருந்து ஒரு மடல், பிறகு புளோயர், அதன் பின் குளிர்ந்து வியர்த்துக் கிடக்கிற கூலிங் காயில், கடைசியாக டேஷ்போர்டு ஜன்னல்கள். இந்த ஒற்றையடிப் பாதையில் ஒரு வடிகட்டியை நிறுத்துவது சுலபம். அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938-லேயே வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்பும் ஏற்பாட்டைக் காரில் கொடுத்தது. நமக்கு அது வந்து சேர இரண்டு தலைமுறை ஆனது. வந்தபோதும் அரைகுறையாக வந்தது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ஃபில்டருக்கான காடி இருந்தது, ஃபில்டர் இல்லை. காடியின் வாயைப் பிளாஸ்டிக்கால் மூடி அனுப்பினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பிளேடால் மூடியை அறுத்து, கடையில் ஃபில்டர் வாங்கிச் சொருகிக்கொண்டார்கள். தெரியாதவர்கள் கூலிங் காயிலையே வடிகட்டியாக வைத்து வருடக்கணக்கில் ஓட்டினார்கள். ஈரக் காயிலில் ஒட்டிய தூசு பூஞ்சை பிடித்து, மழைக்காலத்தில் ஏசி போட்டதும் அழுக்குத் துணி நாற்றம் வரும். அதற்கு வாசனை டப்பா வாங்கி மாட்டினார்கள்.

இன்று பெரும்பாலான கார்களில் ஃபில்டர் உண்டு. மெக்கானிக்குகள் வாயில் அது ‘ஏசி ஃபில்டர்’. விசிறி மடிப்பாக மடித்த நெய்யாத துணி, பிளாஸ்டிக் சட்டம், விலை அதிகமானதில் கரித்தூள் பூச்சு. சாதாரணமானது 300 ரூபாய்க்குள்ளும் கிடைக்கும். வருடத்துக்கு ஒருமுறை, அல்லது பத்துப் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பதுதான் பொதுக்கணக்கு. தூசு மிகுந்த இடத்தில் இன்னும் சீக்கிரம். வருடக் கணக்கு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, பராந்தக சோழன் காலத்திலேயே, ஏரி வாரியத்தாருக்குப் பதவி 360 நாள்தான். ஏரியையும் மதகையும் பராமரிப்பதை ஒருவரது நல்ல மனசுக்கு விட்டுவிடாமல் வருடாவருடம் ஆள் குடவோலையில் எடுத்து ஒப்படைத்த வட்டாரம் இது. அதே வட்டாரத்தில், ஐந்து வருடம் ஓடிய காரில் கம்பெனி போட்டு அனுப்பிய ஃபில்டரே இன்னும் கிடப்பதைப் பார்க்கலாம். காரணம் கஞ்சத்தனமல்ல. அது எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

தெரிந்தவர்களுக்கும் அது லேசில் கைக்கு வராது. நல்ல மாடலாக இருந்தால் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, இரண்டு கன்னத்தையும் உள்ளே அமுக்கி, ஓரத்துக் கயிற்றை விடுவித்தால் பெட்டி முழுசாகத் தொங்கும். பின்னால் ஒரு நீள மூடி. இரண்டு முனையிலும் கிளிப். இழுத்தால் ஃபில்டர் வந்துவிடும்; ஐந்து நிமிட வேலை. மோசமான மாடலில் பெட்டிக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் நிற்கும். மூடி இரண்டு விரற்கடை அகலம், ஃபில்டர் அதைவிட அகலம். வளைத்துத்தான் எடுக்கவேண்டும், வளைத்துத்தான் சொருகவேண்டும். இன்னும் சில வண்டிகளில் இடம் கால்வைக்கும் குழிக்குள். தலை தரையிலும் கால் சீட்டின் மேலுமாகப் படுத்து, செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழங்கை மடக்க இடமில்லாமல் விரல் நுனியாலேயே கிளிப்பைத் தேடவேண்டும். நாலு வெயில் கண்ட பிளாஸ்டிக் கிளிப் ‘டக்’ என்று முறியும். அதன் பிறகு டேஷ்போர்டு ஆயுசுக்கும் கடகடக்கும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? ஆலையில் ஆள் வேலை செய்கிற வரிசையை நினைத்துப் பார்த்தால் புரியும். புளோயர், கூலிங் காயில், ஃபில்டர் எல்லாம் ஒரே பெட்டியாக முதலில் பொருந்துகிறது. அப்போது நாலு பக்கமும் வெளிச்சம். அதன் மேல் குறுக்குக் குழாய், வயர்க் கற்றை, ஏர்பேக், திரை, கடைசியில் டேஷ்போர்டு. மாட்டுகிறவருக்கு நொடியில் முடிந்த வேலை, கழற்றுகிறவருக்கு மணிக்கணக்கு. இன்னொரு காரணம் இடது, வலது. ஒருபக்க ஸ்டீயரிங்குக்காக வரைந்த காரை மறுபக்கத்துக்கு மாற்றும்போது உள்ளே இருக்கிற காற்றுப் பெட்டியை எல்லோரும் புரட்டி வைப்பதில்லை. ஒரு நாட்டில் பயணியின் முழங்காலுக்கு எதிரே இருக்கிற மூடி இன்னொரு நாட்டில் டிரைவரின் காலடிக்குப் போய்விடும். 2004-இல் வந்த ஃபோர்டு ஃபோகஸில், இடதுபக்க ஸ்டீயரிங் உள்ள நாடுகளில், ஃபில்டரை எடுக்க ஆக்சிலரேட்டர் மிதியையே கழற்றவேண்டியிருந்தது. காற்று வடிகட்டிக்காக மிதியைக் கழற்றுவது என்று நம் பழைய ஜீப் டிரைவரிடம் சொன்னால், சொன்னவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

இந்த இடத்தில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உண்மையான வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வண்டி நுட்பமாகிவிட்டதால் நமக்குக் கைவரவில்லை என்கிறோம். ஏசி ஃபில்டரில் ஒரு நுட்பமும் இல்லை. ஆயில் கிண்ணத்தைவிட எளிய பொருள் அது. எளிய பொருளை எட்டாத இடத்தில் வைத்ததும் அது நிபுணர் வேலையாகிவிட்டது. எட்டாததால் பார்ப்பதில்லை, பார்க்காததால் அடைப்பு தெரிவதில்லை. ரோட்டோரக் கடையில் பேச்சு இப்படித்தான் போகும்.

“இன்னா தம்பி, புளோயர் நாலுல வச்சாலும் சத்தந்தான் வருது, காத்து வரல. கேஸ் போயிருக்குமா?”

“கேஸ் இல்ல பெரியப்பா, ஃபில்டர் அடைச்சிருக்கும்.”

“அது எங்க கீது?”

“இந்த மாடல்ல எங்கன்னு யூடியூப்ல பாத்துட்டுச் சொல்றேன், இருங்க.”

நல்ல பையன். இதே கேள்விக்கு யோசிக்காமல் கேஸ் நிரப்பிக் காசு வாங்குகிற கடைகளும் உண்டு. காற்று குறைவாக வருவதற்கும் குளிர் குறைவதற்கும் வேறுபாடு தெரியாத வாடிக்கையாளர் இருக்கிற வரை அந்த வியாபாரம் நடக்கும். சத்தம் பெரிதாகக் காற்று சிறிதாக வந்தால் முதல் சந்தேகம் ஃபில்டர்மேல் விழவேண்டும். குளிரே இல்லாவிட்டால்தான் கேஸைப் பற்றிப் பேசலாம்.

வெளியே எடுத்துப் பார்த்தால் அதில் ஊரே இருக்கும். சாலையோரப் புளியமரத்தின் பொடி இலைகள் மடிப்புக்கு மடிப்பு வரிசையாகச் செருகியிருக்கும். பெரிய இலையைச் சல்லடை தடுக்கும், புளிய இலை எந்தச் சல்லடைக்கும் அடங்காது. அறுவடை இயந்திரம் ஓடுகிற மாதங்களில் நிறுத்தின வண்டி என்றால் வைக்கோல் தூள். அதற்கும் மேலே சாம்பல் நிறத்தில் கல்மாவு. சில சமயம் கொறித்த துணியும் எலிப் புழுக்கையும். நெல் விளைகிற ஊரில் எலிக்கு ஒரு வழி தெரிந்தால் போதும். சல்லடை இடுக்கு வழியே இறங்கி, ஃபில்டர் துணியைப் பிய்த்துப் படுக்கை போட்டுக் குட்டியும் போட்டிருக்கும். கவனிக்காமல் புளோயரைப் போட்டால் வருகிற நாற்றத்தை எழுத முடியாது.

எடுத்ததைத் தட்டி, டயர் கடைக் காற்றைப் பீய்ச்சி மறுபடி மாட்டுவது நம் கைப்பழக்கம். ஏர் கிளீனரை டயரில் தட்டிய காலத்திலிருந்து வந்தது. இலை தழையை உதிர்க்க அது போதும். அழுத்தக் காற்றை நேராகப் பாய்ச்சினால் இழை கிழியும். தண்ணீரில் அலசினால் மடிப்பு தளரும். கிழிந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, காற்று மட்டும் அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். புதிதைச் சொருகும்போது சட்டத்தின் ஓரத்தில் இருக்கிற அம்புக்குறி காற்று போகிற திசையைக் காட்டவேண்டும். புளோயர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மாற்றிச் சொருகியவர்கள் நிறையப் பேர். சாதாரண ஃபில்டர் புழுதியையும் மகரந்தத்தையும் நன்றாகப் பிடிக்கும். கல்மாவின் நுண்பகுதியில் கணிசமானது தப்பித்துவிடும். அதனால் டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் உட்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அமுக்குவது நல்லது. டிப்பரைத் தாண்டியதும் திறந்துவிடுவது அதைவிட நல்லது. நாலு பேர் மூச்சு விட்ட காற்றிலேயே வந்தவாசி வரை போனால் தூக்கம் கண்ணைச் சொக்கும்.

இத்தனை தூசுக்கும் நடுவில் இருக்கிறவர் டிப்பர் டிரைவர். அவர் கேபினில் பெரும்பாலும் ஏசி இல்லை, ஆகவே ஃபில்டரும் இல்லை. இஞ்சின் சூட்டுக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே நாளெல்லாம் ஓட்டுகிறார். 1958-இன் அம்பாசிடர் டிரைவர் மூச்சுவிட்ட முறைதான், காற்றுதான் அதைவிடக் கெட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசின் விதி வந்திருக்கிறது. புது லாரிகளுக்கு மட்டும்தான் அது. ஏற்கெனவே ஓடுகிற வண்டிகள் ஓடித் தேய்கிறவரை அப்படியேதான் ஓடும். புது டிப்பர் வாங்குகிற முதலாளி ஏசிக்குக் காசு கொடுத்துவிடுவார், சட்டம் இருக்கிறது. கிரஷர் வாசலில் நிற்கிற வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஃபில்டர் வாங்கிக் கொடுப்பாரா என்பதை டிரைவர்கள்தான் கேட்டு வாங்கவேண்டும். அதற்கு முன் அது எந்த மூடிக்குப் பின்னால் இருக்கிறது என்று அவர்களுக்கு யாராவது காட்டியிருக்கவேண்டும்.