'ஷெபீல்ட்' என்னும் நாசகாரிக் கப்பல்

நாசகாரி என்னும் பெயரைக் கேட்போர், கண்ணிற் பட்டதையெல்லாம் அழிக்கப் புறப்பட்ட கப்பல் அதுவென்றே கருதுவர். அப்பெயர் பிறந்த வரலாறு வேறு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, நீருக்கடியிற் பாய்ந்து செல்லும் டோர்ப்பீடோவை ஏந்திய சிறு விசைப்படகுகள் பெரும் போர்க்கப்பல்களுக்குப் பேரிடராயின. அப்படகுகளைத் துரத்தி அழித்துப் பெருங்கப்பல்களைக் காத்தற்கென்றே, 1893-ஆம் ஆண்டளவில், விரைவு மிக்க புதுவகைக் கலங்களைப் பிரித்தானியர் கடலில் இறக்கினர். 'டோர்ப்பீடோப் படகு நாசகாரி' என்ற நீண்ட பெயரின் முற்பகுதி காலப்போக்கில் மறைய, பிற்பகுதி மாத்திரம் எஞ்சியது. ஆகவே, நாசகாரி பிறவியிலே ஒரு காவற்கப்பலாகும். படகுக்குப் பின் விமானமும், விமானத்துக்குப் பின் ஏவுகணையும் பகையாக வந்தன. காவல் என்னும் தொழில் மாறவில்லை. அத்தொழிலின் அருமையைக் காட்டுதற்கு 'ஷெபீல்ட்' கப்பலின் வரலாற்றைவிடத் தக்க சான்று வேறில்லை.

1966-இல் பிரித்தானிய அரசு, செலவு கருதிப் புதிய விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டும் திட்டத்தைக் கைவிட்டது. அதனையொட்டி, குறைந்த செலவிற் கட்டத்தக்க சிறியதொரு வான்காப்பு நாசகாரி வேண்டப்பட்டது. அவ்வாறு தோன்றியதே '42-ஆம் வகை'. நீளம் ஏறக்குறைய 125 மீற்றர். முழுச்சுமையுடன் நிறை ஏறக்குறைய 4,000 தொன். வாயுச் சுழலிகளால் இயங்கி மணிக்கு 30 கடல் மைல் வரை செல்ல வல்லது. அதன் தலையாய படைக்கலம் 'சீ டார்ட்' என்னும் ஏவுகணை. உயரத்திற் பறந்து வரும் விமானத்தைத் தொலைவிலேயே வீழ்த்துதற்கு அது சிறந்தது. நீர்மட்டத்தை ஒட்டி வரும் பகையை எதிர்த்தற்கோ, ஏற்றதன்று. மிக அண்மையில் வந்துவிட்ட பகையைத் தடுக்கப் பழைய சிறு பீரங்கிகள் சில மாத்திரமே இருந்தன. சிக்கனம் எங்கே கத்தரிக்கோலை வைத்தது என்பது இதனாற் புலனாகும்.

இவ்வகையின் முதற் கப்பலான 'ஷெபீல்ட்' பரோ நகரிலுள்ள விக்கேர்ஸ் கட்டுதுறையில் 1970 ஜனவரியிற் கட்டத் தொடங்கப்பட்டு, 1971 ஜூன் 10-இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியாரால் நீரில் இறக்கப்பட்டு, 1975-இற் சேவையிற் சேர்ந்தது. கட்டும்போதே ஒரு வெடிவிபத்து நேர்ந்து தொழிலாளர் இருவர் மாண்டனர். உடலின் ஒரு பகுதியும் சிதைந்தது. அதே துறையில் ஆர்ஜென்ரீனாவுக்கெனக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 'ஹெர்க்குலிஸ்' என்னும் உடன்பிறப்புக் கப்பலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அவ்விடத்தில் இணைத்தனர். கொடுத்த நாடும் கொண்ட நாடும் அன்று நட்பு நாடுகள்.

1982 ஏப்ரல் 2-ஆம் நாள் ஆர்ஜென்ரீனப் படைகள் போக்லாந்துத் தீவுகளைக் கைப்பற்றின. தீவுகளை மீட்கச் சென்ற கப்பற் கூட்டத்தில் 'ஹேர்மீஸ்', 'இன்வின்சிபிள்' என்னும் விமானந்தாங்கிகள் இரண்டும் இன்றியமையாதன. அவற்றுக்கு முன்னே காவல் வரிசையாக நிறுத்தப்பட்ட நாசகாரிகள் 'ஷெபீல்ட்', 'கிளாஸ்கோ', 'கொவென்றி' என்னும் மூன்றுமாகும்.

மே 4-ஆம் நாள் ஆர்ஜென்ரீனக் கடற்படையின் 'சூப்பர் எத்தந்தார்' விமானங்கள் இரண்டு, ஆளுக்கொரு 'எக்சோசே' ஏவுகணையுடன் புறப்பட்டன. விமானமும் ஏவுகணையும் பிரான்சு நாட்டவை. 'எக்சோசே' என்பது பறவைக்கோலா மீனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். அம்மீனைப் போலவே அலைகளுக்குச் சில மீற்றர் மேலே, ஒலியின் வேகத்தை நெருங்குமாறு அது பாயும். கரையில் நிற்போருக்குத் தொலைவில் வரும் தோணியின் பாய் முதலிற் றோன்றி, உடல் பின்னரே தோன்றுவது உலகம் உருண்டையாதலின் அன்றோ? இராடாருக்கும் அதே விதி. தாழப் பறக்கும் பொருள் அடிவானத்துக்குக் கீழே மறைந்து வந்து, மிக அண்மையிலேயே அதன் கண்ணிற் படும்.

விமானிகள் இலக்கைக் காண ஒரு கணம் மேலெழுந்து தம் இராடாரை இயக்கியபோது 'கிளாஸ்கோ' அதனை உணர்ந்து எச்சரித்தது. எதிரி இராடாரை ஏமாற்றும் உலோக இழைத் துகள்களையும் தன்னைச் சூழத் தூவிக்கொண்டது. ஆயின், அன்றும் முன்னாட்களிலும் பொய்யெச்சரிக்கைகள் பல வந்திருந்தமையால், 'இன்வின்சிபிள்' கப்பலிலிருந்தோர் இதனையும் அவ்வாறே கொண்டனர். 'ஷெபீல்ட்' அவ்வேளையிற் செய்மதி வழியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அவ்வொலிபரப்பு, பகை இராடாரைக் கேட்டறியும் அதன் கருவியைச் செவிடாக்கியது. வான்காப்புக்குப் பொறுப்பான அதிகாரி தம் இடத்தில் இருந்திலர். கப்பற்றலைவருக்கு அறிவிக்கப்படவில்லை. துகள்களும் தூவப்படவில்லை. 2017-இல் முழுமையாக வெளியான விசாரணை அறிக்கை இவற்றையெல்லாம் ஒளிவின்றிக் கூறுகின்றது. அவ்வறிக்கை அத்துணைக் காலம் மறைத்து வைக்கப்பட்டமை வருந்தத்தக்கது.

ஏவுகணைகளுள் ஒன்று கடலில் வீழ்ந்தது. மற்றையது கப்பலின் வலப்பக்கத்தைத் துளைத்தது. நீர்க்குழாய் உடைந்து, தீயணைக்க நீரில்லாது போயிற்று. கம்பியுறைகள் எரிந்து எழுப்பிய கரும்புகை கப்பலெங்கும் பரவியது. செயற்கை இழை உடைகள் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டன. சமையற்கூடத்திற் பணியாற்றியோர் உட்பட 20 பேர் மாண்டனர். ஏறக்குறைய நான்கு மணி நேரப் போராட்டத்தின் பின் எஞ்சியோர் கப்பலைக் கைவிட்டனர். இழுத்துச் செல்லப்படுகையில் மே 10-இல் அது மூழ்கிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் போரில் மூழ்கிய முதற் பிரித்தானியக் கடற்படைக் கப்பல் அதுவே. அதன் மேற்கட்டு அலுமினியத்தால் ஆனமையாலேயே தீ பரவிற்று எனப் பலர் எழுதினர். அது பிழை; மேற்கட்டு உருக்கினால் ஆனது. வெடிகுண்டு வெடிக்கவேயில்லை என்று முதலிற் கருதப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியோ வெடித்தது என்றே முடிவு செய்தது.

'கிளாஸ்கோ' மே 12-இல் வெடியாத குண்டொன்றினால் துளைக்கப்பட்டுப் பிழைத்தது. 'கொவென்றி' மே 25-இல் மூழ்கியது. போரின் பின்னர் எஞ்சிய கப்பல்களில் விரைவாகச் சுடும் அண்மைக்காப்புப் பீரங்கிகள் பொருத்தப்பட்டன. உடைகளும் தீயணைப்புப் பயிற்சியும் மாறின. 1991 பெப்ரவரியிற் குவைத் கரைக்கப்பால், அமெரிக்கப் போர்க்கப்பலான 'மிசூரி'யை நோக்கி வந்த ஈராக்கிய ஏவுகணையை அதே வகையைச் சேர்ந்த 'குளோஸ்ரர்' தன் 'சீ டார்ட்' கொண்டு வீழ்த்தியது. 'ஷெபீல்ட்' இழந்த சில கணங்களை 'குளோஸ்ரர்' இழக்கவில்லை.

பிரித்தானியாவின் இவ்வகைக் கப்பல்களுள் இறுதியான 'எடின்பரோ' 2013-இற் சேவையிலிருந்து நீங்கியது. போக்லாந்துப் படையெடுப்பிற் பங்குகொண்ட ஆர்ஜென்ரீனாவின் 'சந்திசிமா திரினிதாத்' அதே ஆண்டு ஜனவரியில், கட்டியிருந்த துறையிலேயே நீர் புகுந்து சாய்ந்தது. 'ஹெர்க்குலிஸ்' படையினரை ஏற்றிச்செல்லும் கப்பலாகப் பின்னர் மாற்றியமைக்கப்பட்டது. அதற்கென வார்க்கப்பட்ட உடற்பகுதி ஒன்று, 'ஷெபீல்டின்' அங்கமாய்த் தென் அத்திலாந்திக்கின் அடியிற் கிடக்கின்றது.