நாவலுக்கும் ஒரு கையெழுத்தா?

வன்னியில், தர்மபுரத்தில் பிள்ளை படிக்கிற வீடுகளுக்குப் பாடசாலைக் கடிதம் புதிதல்ல. சுற்றுலா என்றால் ஒரு கையெழுத்து. 2017 முதல் ஆறாம் தரத்துப் பெண்பிள்ளைகளுக்குப் போடப்படும் எச்பிவி தடுப்பூசிக்கும் வீட்டுச் சம்மதம் கேட்கிறார்கள். ஆனால் “வகுப்பில் ஒரு நாவல் படிக்கப்போகிறோம், உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டுக் கடிதம் வந்தால் அநேகமான அம்மாமார் அதை இரண்டு தரம் வாசிப்பார்கள்.

அப்படிக் கடிதம் வராததற்குக் காரணம் உண்டு. எந்தப் புத்தகம் படிப்பது என்பதை இங்கே வகுப்பு ஆசிரியர் முடிவு செய்வதில்லை. பாடத்திட்டத்தை மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் எழுதுகிறது. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டு இலவசமாகத் தருகிறது. கேள்வித்தாள் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து வருகிறது. சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்த பிள்ளைகள் மார்க் ட்வைனின் ‘பிரின்ஸ் அன்ட் த பாப்பர்’, திஸ்ஸ அபேசேகரவின் ‘பிரிங்கிங் டோனி ஹோம்’ ஆகியவற்றைப் படித்ததும் இந்த வழியால்தான். வசதி இழந்து வீடு மாறிய குடும்பம் விட்டுவந்த நாயைத் தேடிப் போகும் சிறுவனின் கதை இரண்டாவது. அதைப் படிக்கவேண்டாம் என்று ஒரு பெற்றார் சொல்வதாக வைத்துக்கொண்டாலும், விதித்த பட்டியலுக்கு வெளியே ஆசிரியரால் வேறு புத்தகம் கொடுக்க முடியாது. கேள்வி அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும்.

ஆகவே நமது முறையில் பெற்றாரின் உண்மையான சம்மதம் பத்தாம் தரத் தொடக்கத்தில், தொகுதிப் பாடம் தெரிவு செய்கிற நாளிலேயே முடிந்துவிடுகிறது. அன்று பாடத்தின் பெயரைச் சொல்வார்கள், புத்தகத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

பிந்தித் தெரியவந்தால் என்ன நடக்கும் என்பதை நாடு அண்மையில் பார்த்தது. 2025 டிசம்பர் இறுதியில், புதிய ஆறாம் தர ஆங்கில மொடியூலில் வயதுவந்தோருக்கான இணையத்தளம் ஒன்றின் முகவரி இருப்பது தெரியவந்தது. விநியோகம் நிறுத்தப்பட்டது. ஆறாம் தரக் கல்விச் சீர்திருத்தமே 2027க்குத் தள்ளிப்போனது. அது நாவல் அல்ல, ஒரு பிழை. ஆனாலும் அச்சானபின் பெற்றாருக்குத் தெரியவரும் எதுவும் வகுப்பறையில் தீராமல் கொழும்புவரை போகும்.

நாவலைப் பற்றியே ஒரு சர்ச்சை அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் நடந்தது. அங்கே பேர்ஃபக்ஸ் என்ற இடத்தில், உயர்தர வயதுப் பிள்ளைகள் படித்த டோனி மொரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலுக்கு எதிராக ஒரு தாய் முறையிட்டார். புத்தகம் தன் மகனின் நித்திரையைக் கெடுத்தது என்பது அவரது முறைப்பாடு. பாடசாலைச் சபை 2013இல் அதை ஏற்கவில்லை. விடயம் சட்டசபைக்குப் போனது. வெளிப்படையான பாலியல் பகுதியுள்ள பாடநூல் என்றால் பெற்றாருக்கு அறிவிக்கவேண்டும், விரும்பாத பிள்ளைக்கு மாற்றுப் புத்தகம் கொடுக்கவேண்டும் என்ற சட்டமூலத்தை 2016இல் இரு சபைகளும் நிறைவேற்றின. ஆளுநர் அதை நிராகரித்தார். அவரது நிராகரிப்பை முறியடிக்க ஒரேயொரு வாக்குக் குறைந்தது. 2022இல், வேறோர் ஆளுநரின் கீழ், அதுபோன்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு புத்தகம் தொடங்கிவைத்த சண்டை ஆளுநர் தேர்தல் மேடைவரை போயிற்று.

இதில் மூன்று விடயங்களைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. “இதைப் படிக்கப்போகிறோம்” என்று சொல்வது அறிவித்தல். “வேண்டாம் என்றால் எழுதித் தாருங்கள்” என்பது விலக்கு. பேசாமல் இருந்தால் பிள்ளை படிக்கும். “கையெழுத்து வந்தால்தான் படிக்கலாம்” என்பதே சம்மதம்; கடிதம் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடந்தால் பிள்ளைக்கு நாவல் இல்லை. வெர்ஜீனியாச் சட்டம் முதல் இரண்டையும்தான் கேட்டது. சிறுவர் கதைப் புத்தகங்கள் தொடர்பான ஒரு வழக்கில் 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தபோதும், மத நம்பிக்கையுள்ள பெற்றாருக்குக் கிடைத்தது விலக்குக் கேட்கும் வழிதான்.

சரி, தர்மபுரத்துக்கு வருவோம். பரீட்சைக்கு வெளியே, வாசிப்புக்காக, ஒரு தமிழ் ரீச்சர் உயர்தர வகுப்புக்கு அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1973இல் வந்த, தண்ணிமுறிப்பை வைத்து எழுதிய, வன்னியின் சொந்த நாவல். மணமான பதஞ்சலிக்கும் ஊருக்கு வந்த வாத்தியாருக்கும் இடையே வளரும் நெருக்கம் அதில் முக்கியமான இழை. இங்கே ரீச்சருக்குத் தெரிவு இருக்கிறது, மாற்றுப் புத்தகம் கொடுக்கவும் இடமிருக்கிறது. கடிதத்துக்குப் பொருள் வருவதும் இந்த இடத்தில்தான்.

அந்தக் கடிதம் “நல்ல நாவல், சம்மதம் தருக” என்று நின்றால் பிரயோசனமில்லை. நாவல் யாருடையது, ஏன் எடுத்தோம், எந்தப் பகுதி சங்கடம் தரலாம், புத்தகத்தை எங்கே வாங்கிப் பார்க்கலாம், வேண்டாமென்றால் பிள்ளை அந்த நேரத்தில் எதை வாசிக்கும் என்று இருக்கவேண்டும். விலகிய பிள்ளையை வகுப்புக்கு வெளியே வாங்கில் இருத்திவைப்பது மாற்று ஏற்பாடு ஆகாது.

காதல் பகுதியை விடக் கடினமான ஒன்று வன்னியில் உண்டு. ‘பிலவ்ட்’டின் நடுவில் இருப்பது, அடிமை பிடிக்க வந்தவர்கள் கையில் சிக்கக்கூடாதென்று தன் குழந்தையைத் தானே கொன்ற ஒரு தாய். வெர்ஜீனியாவில் ஒருவர் அதை வாசிப்பதும், பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் 2009 ஜனவரியில் போருக்குத் தப்பிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒருவர் வாசிப்பதும் ஒன்றாக இராது. இன்று உயர்தரம் படிப்போர் அன்று மடியில் இருந்தவர்கள் அல்லது பிறக்காதவர்கள். அவர்களுக்கு ஞாபகம் இல்லை. கையெழுத்து வைக்கப்போகிறவருக்கு எல்லாம் ஞாபகம். போரைப் பற்றிய நாவல் என்றால், அம்மா பதினேழு வருடமாகச் சொல்லாத ஒன்றைப் பிள்ளை முதலில் வகுப்பில் வாசிக்கக்கூடும். காணாமற்போனவரின் பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். பாலியல் பகுதிக்கு முன்னெச்சரிக்கை எழுதுகிற பாடசாலை, ஷெல் விழும் பக்கத்துக்கும் அதை எழுதவேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு சின்னச் சிக்கல். பல வீடுகளில் கையெழுத்து வைப்பவர் அம்மம்மா. தாய் மத்திய கிழக்கில் இருப்பார் அல்லது உயிரோடு இருக்கமாட்டார். கடிதத்தை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது அந்தப் பிள்ளையேதான். எந்தப் பந்தியைப் பிள்ளை விழுங்கிவிடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே கடிதத்தோடு பெற்றார் கூட்டத்திலும் வாயால் சொல்வது நல்லது, அதுவும் பெரும்போக அறுவடை நாளில் வைக்காமல். நாவலின் ஒரு பிரதியை இரண்டு கிழமைக்கு முன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. ‘நிலக்கிளி’ என்றால் அம்மம்மாவே முதலில் எடுத்து வாசிக்கக்கூடும். தண்ணிமுறிப்புக்கு எந்தப் பாதையால் போவது என்றும் சொல்வார்.