நெருப்புக்கும் கொப்பரைக்கும் நடுவே

கேரளத்து மறையூர் வெல்ல உருண்டையில் விரல் தடம் பதிந்திருக்கும். அச்சில் வார்ப்பதில்லை, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருட்டிவிடுகிறார்கள். அதே சூட்டில் ஓர் இரும்புத் துண்டு இருந்தால் தொட முடியாது. வெல்லம் தன் சூட்டைத் தோலுக்கு மெதுவாகத்தான் விடும், அதனால் பழகிய கை தாங்குகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் இது. அதற்கு எரிகிற அடுப்பைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

ஆலைக் கொட்டகையில் காய்ந்த கரும்புச் சக்கையைப் போட்டு எரிக்கிறார்கள். தீயின் சூடு 700, 800 டிகிரி இருக்கும். கொப்பரைக்குள் கொதிக்கும் சாறோ 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியிருக்கும். நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் இரும்புத் தகடு. அப்படியானால் மீதி அறுநூறு, எழுநூறு டிகிரி எங்கே போயிற்று? இரும்புக்குள் இல்லை, தகட்டின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வித்தியாசம் சில டிகிரிதான். கொதிக்கும் சாறும் இரும்பிலிருந்து சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். இழப்பெல்லாம் தகட்டின் அடியில், தீக்காற்று இரும்பைத் தொடுகிற மெல்லிய படலத்தில்தான். காற்றிலிருந்து உலோகத்துக்குச் சூடு ஏறுவது அவ்வளவு கடினம். ஏறாத சூடு புகைபோக்கி வழியே போய்விடுகிறது.

தகட்டின் அடியில் கரியும் படிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு மில்லிமீட்டர் கரி, சூட்டைத் தடுப்பதில் ஏறக்குறைய ஒரு முழக் கன இரும்புக்குச் சமம். கொப்பரையின் உட்புறத்தைத் தேய்த்துப் பளபளக்க வைப்பவர்கள் அடிப்புறத்தையும் சுரண்ட வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் மட்டும் கதை மாறுகிறது. சாறு பாகாகி 115 டிகிரியைத் தாண்டும்போது கெட்டிப்பட்டு, அடியில் அசையாமல் நிற்கும். அப்போது உட்பக்கமும் தடை வந்துவிடுகிறது. துழாவுவதை நிறுத்தினால் அடிப்பாகு கருகிக் கசக்கும். தீயைத் தணித்து, விடாமல் துழாவுவது அதனால்தான்.

எரிபொருளை மிச்சப்படுத்த, தகட்டை மெலிதாக்கியோ செம்புக்கு மாறியோ பெரிய லாபமில்லை. தீ படுகிற பரப்பைக் கூட்ட வேண்டும். லக்னோவிலுள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் கொப்பரையின் அடியில் உலோகப் பட்டைகளைப் பொருத்திச் சோதித்தார்கள். எரிபொருள் ஏறத்தாழ 30 சதவீதம் மிச்சமானதாக 2010-ல் வெளியிட்டார்கள். மறையூர், காந்தலூர் கொட்டகைகளுக்கு இது வர வேண்டும். வெல்லத்தின் பக்குவம் மாறாது, உருட்டும் கையும் மாறாது. மிஞ்சும் சக்கையைக் கரும்புத் தோட்டத்திலேயே மூடாக்காகப் போடலாம்.